அமோனியாவும் தண்ணீரும் தேசிக்காயும்

நேர்முகத் தேர்வில் எனக்கு எதிரே இருந்தவர் ஒரு வெள்ளைத் தாளை என் பக்கம் தள்ளிவிட்டு, "அமோனியாவுக்கும் தண்ணிக்கும் இடையில வாற ஐதரசன் பிணைப்பைக் கீறுங்கோ பாப்பம்" என்றார்.

மன்னார் நகரத்தில் ஒரு தனியார் கல்வி நிலையம் அது. உயர்தர வகுப்புக்கு இரசாயனவியல் படிப்பிக்க ஆள் தேவை என்று யாரோ சொல்லிப் போயிருந்தேன். நான் தமிழ்நாட்டில் அகதி முகாமில் பிறந்து, அங்கேயே வளர்ந்து, அங்கேயே ஒரு கல்லூரியில் வேதியியல் பட்டம் எடுத்தவள். அம்மாவோடு ஊர் திரும்பி மன்னாரின் கீரிக் கிராமத்தில் குடியேறி இரண்டு வருடமாகியிருந்தது. அந்த இரண்டு வருடமும் என் பட்டச் சான்றிதழ் ஏதோ ஒரு கந்தோரில் ஏதோ ஒரு மேசையில் கிடந்தது. அங்கீகாரம் வரும் வரைக்கும் அரசாங்க வேலை கிடையாது. தனியார் இடங்களில் கேட்டுப் பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை.

கேள்வி சுலபமானது. நைட்ரஜனைப் போட்டு, அதற்கு மூன்று ஹைட்ரஜன் போட்டு, தலையில் தனியாக நிற்கும் எலக்ட்ரான் சோடியை இரண்டு புள்ளியாக வைத்தேன். பக்கத்தில் தண்ணீர் மூலக்கூறு. தண்ணீரின் ஹைட்ரஜனிலிருந்து அந்த இரண்டு புள்ளிக்கு ஒரு புள்ளிக்கோடு. அரை நிமிட வேலை.

அவர் தாளைத் தன் பக்கம் திருப்பினார். பிறகு மேசை லாச்சியைத் திறந்து ஒரு புத்தகத்தை எடுத்துப் பக்கம் புரட்டினார். பிறகு தலையை ஆட்டினார்.

"மாறிக் கீறியிருக்கிறீங்கள். அமோனியாவின்ர ஐதரசன் போய்த் தண்ணியின்ர ஒட்சிசனைப் பிடிக்கவேணும்."

"அதுவும் நடக்கும் சார். ஆனா முக்கியமான பிணைப்பு இதுதான். பலமானதும் இதுதான்."

"புத்தகத்தில அப்பிடி இல்லையே."

நான் விளக்கினேன். ஆக்சிஜன் எலக்ட்ரானை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். அதனால் தண்ணீரின் ஹைட்ரஜன் கிட்டத்தட்ட வெறுமையாக நிற்கும். நைட்ரஜன் அவ்வளவு இறுக்கமில்லை, தன் சோடியை மற்றவருக்கு நீட்டிக் கொடுக்கும். வெறுமையாக நிற்பது நீட்டுகிறவரிடம் போய் ஒட்டும். இதில் மாற்றிச் சொல்ல என்ன இருக்கிறது?

அவர் முழுவதையும் பொறுமையாகக் கேட்டார். கடைசியில் சொன்னது இதுதான்: "பிள்ளை, இஞ்ச ஹைட்ரஜன் இல்லை, ஐதரசன். ஆக்சிஜன் இல்லை, ஒட்சிசன். நைட்ரஜன் எண்டு சொன்னால் எங்கட பிள்ளையளுக்கு விளங்காது."

அந்தப் புத்தகத்தின் பின்னட்டையில் அவருடைய படமே இருந்ததை எழும்பும்போதுதான் கண்டேன். அவரே எழுதிய கைநூல். வேலை கிடைக்கவில்லை என்று தனியாகச் சொல்லத் தேவையில்லை.

அப்படித்தான் நான் ஐஸ் பக்டரியில் எழுத்து வேலைக்குச் சேர்ந்தேன். மன்னார்த் தீவின் கடற்கரையில், படகுகள் கரை சேரும் இடத்துக்குப் பக்கத்தில் இருந்தது அது. எந்தப் படகுக்கு எத்தனை கட்டி, எந்தக் கூலர் லொறிக்கு எத்தனை கட்டி என்று எழுதித் துண்டு கொடுக்கவேண்டும். தெற்கே கடல், வடக்கே தெரு. கட்டடத்தின் ஒரு தலைப்பில் மெசின் அறை. அந்த அறைக்குக் கடல் பக்கம் ஒரு கதவும் தெருப் பக்கம் ஒரு யன்னலும் இருந்தன. உள்ளே கொம்பிரசரும், அமோனியா ஓடும் குழாய்களும், அதை நிரப்பி வைக்க மனிதன் உயரத்துக்கு ஒரு இரும்புத் தாங்கியும்.

என் பட்டத்துக்கு அந்த இடத்தில் ஒரே ஒரு பயன்தான் இருந்தது. குழாய்க்குள் ஓடுவது என்ன என்று எனக்குத் தெரியும். மற்ற எல்லோருக்கும் அது 'காஸ்'.

மெசினைப் பார்த்தவர் ஐம்பது வயது தாண்டிய ஒரு மனிதர். எல்லோருக்கும் அவர் மெசின் அண்ணை. இந்தியாவுக்குப் போகாமல், சண்டைக் காலம் முழுவதும் இங்கேயே கிடந்து, எந்த இயந்திரத்தையும் கம்பியாலும் ரப்பர் துண்டாலும் ஓட வைத்தவர். கெட்டிக்காரர். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் தனக்குத் தெரியாதது ஒன்று உலகத்தில் இருக்கலாம் என்று யாராவது சொன்னால், அந்த ஆளை அவர் மூன்று நாளைக்குத் திரும்பிப் பார்க்கமாட்டார்.

நான் சேர்ந்த முதல் வாரமே என் கண் கரித்தது. மெசின் அறைப் பக்கம் போனால் மூக்கின் அடியில் ஊசி குத்துவது போல இருக்கும்.

"அண்ணை, காஸ் கசியுது."

"அது கருவாட்டு மணம்."

"கருவாட்டு மணத்துக்குக் கண் எரியுமா?"

"இந்தியாவில இருந்து வந்த கண் எல்லோ. பழகச் சுணங்கும்."

பிரச்சினையே பழகியதுதான். அமோனியா மணத்துக்குள் வருடக்கணக்காக நிற்பவரின் மூக்கு அதைச் சொல்லாமல் விட்டுவிடும். அவர் பொய் சொல்லவில்லை. அவருக்கு உண்மையிலேயே மணக்கவில்லை. அது எனக்கு இன்னும் கூடுதல் எரிச்சலாக இருந்தது. பொய் சொல்பவரோடு சண்டையாவது பிடிக்கலாம்.

பரிசோதிக்கும் தாள் என்னிடம் இல்லை. வீட்டில் மஞ்சள் தூள் இருந்தது. அதைத் தண்ணீரில் கரைத்து, வெள்ளைத் தாளைத் தோய்த்து, காயவிட்டு, கீலம் கீலமாக வெட்டிக் கொண்டுபோனேன். காரம் பட்டால் மஞ்சள் சிவக்கும். தாளை ஈரமாக்கிப் பிடிக்கவேண்டும், காய்ந்த தாளில் ஒன்றும் தெரியாது. அமோனியா முதலில் ஈரத்தில் போய் ஒட்டிக்கொண்டால்தான் மற்றது நடக்கும்.

கொம்பிரசரின் எண்ணெய் காசோடு போய்க் குழாயின் அடியில் தேங்கும். அந்த எண்ணெயை வடிக்கும் வால்வுக்குக் கிட்டப் பிடித்தேன். இரண்டு மூச்சு விடும் நேரத்தில் தாள் செங்கல் நிறத்துக்குப் போய்விட்டது.

மெசின் அண்ணையிடம் காட்டினேன். அவர் தாளை வாங்கி, வெளிச்சத்துக்கு உயர்த்திப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"மஞ்சளுக்குச் சுண்ணாம்பு பட்டாலும் சிவக்கும் பிள்ளை. அதுக்காக இஞ்ச சுண்ணாம்பு கசியுதெண்டு சொல்லுவியே?"

அவர் சொன்னது முழுக்கச் சரி. சுண்ணாம்பும் காரம்தான். சரியான உண்மையை எடுத்துப் பிழையான இடத்தில் வைத்துவிட்டு வெற்றியோடு சிரிக்கும் மனிதரிடமிருந்து தாளைத் திருப்பி வாங்கிக்கொண்டேன்.

முதலாளியிடம் போனேன். அவர் கெட்ட மனிதர் இல்லை, பயந்த மனிதர். மீன் சீசன். மெசினை இரண்டு நாள் நிற்பாட்டி அந்த வால்வைக் கழற்ற வேண்டும் என்றால், படகுக்காரர் எல்லோரும் அடுத்த பக்டரிக்குப் போய்விடுவார்கள் என்று பயம்.

"சீசன் முடியட்டும் தங்கச்சி. முதல் வேலை அதுதான்."

"அது வரைக்கும் ஒரு முகமூடியாவது?"

"இருக்கே! அலுமாரிக்குள்ள."

அலுமாரியைத் திறந்து பார்த்தேன். ஒரு முகமூடி இருந்தது. அதன் வடிகட்டிப் பெட்டி எப்போதோ காலாவதியாகி, உள்ளே எறும்பு கூடு கட்டியிருந்தது.

அது நடந்து இரண்டு வாரம். தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று பலமாக வீசிய ஒரு காலை. கடலிலிருந்து தெருப் பக்கமாக மணலை அள்ளிக்கொண்டு அடித்தது. கரைக்கு வந்த படகுகள் ஐசுக்கு நின்றன. தெருவில் இரண்டு கூலர் லொறி, நாலைந்து மோட்டார் சைக்கிள், றெஜிபோம் மீன் பெட்டியோடு பெண்கள். நான் முற்றத்தில் நின்று துண்டு எழுதிக்கொண்டிருந்தேன்.

மெசின் அண்ணை எண்ணெய் வடித்துக்கொண்டிருந்திருக்கிறார். கிழமைக்கு ஒரு தரம் செய்யும் வேலை. அந்த வால்வைத் திறந்தவர் திருப்பிப் பூட்டப் போக, அது பாதியில் இறுகிவிட்டது. எண்ணெய் முடிந்து, பின்னால் திரவ அமோனியா வரத் தொடங்கியது. இதெல்லாம் பிறகு தெரிந்தது. அந்த நேரம் எனக்குக் கேட்டது ஒரு சீறல் சத்தம் மட்டும். திரும்பிப் பார்த்தேன். யன்னலால் வெள்ளைப் புகை தெருப் பக்கம் கொட்டியது.

சனம் ஓடத் தொடங்கியது. எங்கே ஓடினார்கள்? தெருவால், காற்றடிக்கும் திசையிலேயே! புகை எந்தப் பக்கம் போகிறதோ அந்தப் பக்கமே புகைக்கு முன்னால் ஓடினார்கள். புகை அவர்களை விட வேகமாக வந்தது.

"குறுக்கே ஓடுங்க! தெருவால போகாதீங்க! வேலியோரமா வந்து கடல் பக்கம் ஓடுங்க!"

பயம் வந்தால் எனக்கு முகாம் தமிழ்தான் வாயில் வரும். ஒருவர் ஓடிக்கொண்டே என்னைப் பார்த்து, "அவள் என்னவோ இந்தியாப் படத்தில மாதிரிக் கத்துறாள்" என்று சொன்னது என் காதில் விழுந்தது. உயிர் போகிற நேரத்திலும் அந்த ஆளுக்கு என் பேச்சு வழக்குத்தான் கண்ணில் பட்டிருக்கிறது.

தெருவில் எப்போதும் படுத்துக் கிடக்கும் நாலு கழுதைகள் எழும்பின. அவை யாரையும் கேட்கவில்லை. காற்றுக்குக் குறுக்கே நடந்து, வேலியைச் சுற்றி, கடற்கரைக்குப் போய் நின்றன. நான் கழுதைகளைக் காட்டி, "அதுகள் போற பக்கம் போங்கோ! அதுகள் போற பக்கம்!" என்று கத்தினேன். அது மட்டும் எல்லோருக்கும் விளங்கியது. பெட்டிகளைப் போட்டுவிட்டுப் பெண்கள் கழுதைகளுக்குப் பின்னால் ஓடினார்கள். படித்த படிப்பெல்லாம் சேர்ந்து செய்யமுடியாததைக் கழுதைகள் செய்தன.

நான் கடல் பக்கத்தால் மெசின் அறைக்கு ஓடினேன். காற்று முதுகில் அடித்ததால் அந்தப் பக்கம் ஓரளவு தெளிவாக இருந்தது. கதவுக்கு வெளியே மெசின் அண்ணை நாலு காலில் தவழ்ந்து வந்துகொண்டிருந்தார். கண் இரண்டும் இறுக மூடியிருந்தன. இருமலுக்கு நடுவே மூச்சு விசிலடித்தது. சட்டையின் முன்பக்கம் நனைந்திருந்தது. அது தண்ணீர் இல்லை.

மீன் பெட்டி கழுவும் சீமெந்துத் தொட்டி பத்தடி தூரத்தில் இருந்தது. கரையில் நின்ற இரண்டு பேரைக் கூப்பிட்டேன். மூன்று பேருமாக அவரைத் தூக்கி, உடுப்போடு தொட்டிக்குள் போட்டு, சட்டையைக் கிழித்து எறிந்தோம். பைப்பைத் திறந்து தலையில் விட்டேன். கண் இமையை விரலால் பிரித்துப் பிரித்துத் தண்ணீர் அடித்தேன்.

"விடு! விடு பிள்ளை! எரியுது!"

"எரியட்டும். திறவுங்கோ கண்ணை."

"காணும்! கழுவினது காணும்!"

"காணாது! இன்னும் கழுவவேணும்!"

அவர் என் கையைத் தட்டிவிட்டார். நான் திரும்பவும் பிடித்தேன். அந்த வயது மனிதரை நான் அதட்டியது அவருக்கு எரிவை விடக் கூடுதலாக வலித்திருக்க வேண்டும். "இவள் ஆர் எனக்குச் சொல்ல" என்று தண்ணீருக்குள்ளிருந்தே பேசினார்.

அப்போதுதான் மீன் வாங்கும் வியாபாரி ஒருவர் ஓடி வந்தார். கையில் இரண்டாக வெட்டிய தேசிக்காய், என் முகாம் தமிழில் எலுமிச்சம்பழம்.

"தள்ளு தங்கச்சி. காஸ் காரம் எல்லோ? காரத்துக்குப் புளி. கண்ணுக்குள்ள விட்டால் முறிஞ்சிடும். நான் படிச்சனான்."

எனக்கு வந்த ஆத்திரத்தை எழுத்தில் சொல்ல முடியாது. ஒன்றுமே தெரியாதவரைத் தள்ளிவிடலாம். இவருக்குப் பாதி தெரிந்திருந்தது. காரத்தை அமிலம் முறிக்கும், உண்மை. முறிக்கும்போது சூடு பிறக்கும், வெந்த கண்ணுக்குள் தேசிப்புளி இன்னொரு புண்ணைப் போடும் என்பது மீதிப் பாதி. அதை அந்த இடத்தில் நின்று விளக்க எனக்கு நேரமில்லை.

"அண்ணன், அதைக் கொண்டுபோய்க் குழம்புக்குள்ள பிழியுங்க!"

அவர் அசையவில்லை. தேசிக்காய்ப் பாதியை நீட்டியபடி குனிந்தார். நான் அதைப் பறித்துக் கடல் பக்கமாக வீசினேன். அவர் முகம் கறுத்துப்போனது. இன்றைக்கும் என்னைக் கண்டால் அவர் கதைப்பதில்லை.

தொட்டியில் தண்ணீர் விடும் வேலையை அந்த இரண்டு பேரிடமும் கொடுத்து, "அம்புலன்ஸ் வரும் வரைக்கும் நிப்பாட்டக் கூடாது, அவர் என்ன சொன்னாலும் நிப்பாட்டக் கூடாது" என்று சொல்லிவிட்டு எழும்பினேன். அதற்குள் வேறொரு கூத்து. படகுக்காரர் ஒருவர் பெட்டி கழுவும் பெரிய குழாயை இழுத்துக்கொண்டு கதவடிக்குப் போய், அறைக்குள் நிலத்தில் தேங்கிக் கிடந்த திரவத்தின் மேலேயே தண்ணீரை அடித்தார். புகை இரண்டு மடங்காகப் பொங்கி வந்தது.

திரவ அமோனியா பனிக்கட்டியை விடக் குளிர்ந்தது. நம்முடைய தண்ணீர் அதற்கு அடுப்பு. ஊற்றினால் கொதித்து எழும்பும். ஆனால் மேலே பறக்கும் வாயுவுக்குத் தண்ணீர் வேண்டும். அதை அள்ளிப் பிடித்து நிலத்தில் இறக்கத் தண்ணீரைப் போல ஒன்றும் இல்லை.

"கீழ அடிக்காதேங்கோ! மேல! யன்னல் பக்கம், புகைக்கு!"

"நெருப்புக்கு அடியில எல்லோ அடிக்கவேணும்!"

"இது நெருப்பு இல்லை அண்ணை!"

குழாயை நான் பிடித்து இழுத்தேன். அவரும் இழுத்தார். கடைசியில் தாழ்வுபாடு என்ற ஊரிலிருந்து மீன் கொண்டுவந்த ஒரு அக்கா நடுவில் புகுந்து, "அவள் சொல்லுறதைக் கேளுங்கோவன்! மஞ்சள் தாள் காட்டி அண்டைக்கே சொன்னவள்" என்று சத்தம் போட்டா. அவ அன்றைக்கு ஐஸ் எடுக்க வந்து நின்று பார்த்திருக்கிறா. நான் கவனிக்கவே இல்லை.

நாலு பேர் நனைந்த துவாயால் முகத்தைக் கட்டிக்கொண்டு, குழாயைக் கட்டடத்தைச் சுற்றிக் காற்றுக்குக் குறுக்காக இழுத்துப்போனார்கள். புகைக்கு வெளியே பக்கவாட்டில் நின்று, குழாயின் வாயைப் பெருவிரலால் அமத்தி, யன்னலுக்கு முன்னால் விசிறி போலத் தண்ணீரை விரித்துப் பிடித்தார்கள். புகை அந்தத் தண்ணீர்த் திரையில் வந்து மோதியது. மோதிய இடத்தில் மெலிந்தது. முழுக்க நிற்கவில்லை, ஆனால் தெருவுக்குப் போனது பாதிக்கும் குறைவு. கண்ணால் பார்த்தேன். மூலக்கூறு மூலக்கூறாகத் தண்ணீர் அதைப் பிடித்துக்கொண்டு கழிவுநீர் ஓடும் கானுக்குள் விழுந்தது. அந்த நேரத்தில்கூட எனக்குக் கோபம்தான் வந்தது. இதை முதலே செய்திருக்கலாமே என்ற கோபம்.

தீயணைப்பு வண்டி வந்தது. மூச்சுக் கருவி போட்ட இருவர் உள்ளே போய், தாங்கியின் பெரிய வால்வைப் பூட்டினார்கள். யாரும் சாகவில்லை. பதினைந்து இருபது பேருக்கு இருமலும் கண்ணெரிவும். மெசின் அண்ணையைத் தொட்டியிலிருந்து எடுத்து அம்புலன்சில் ஏற்றும்போதும் அவர், "தண்ணியை வீணாக்கிப் போட்டாங்கள்" என்று முணுமுணுத்துக்கொண்டிருந்தார்.

ஐந்தாம் நாள் ஆஸ்பத்திரிக்குப் போனேன். இரண்டு கண்ணிலும் கட்டு. கழுத்திலும் நெஞ்சிலும் வெந்த காயத்துக்கு மருந்து. அவருடைய மனைவி தான் இருந்த கதிரையை எனக்குத் தந்துவிட்டுத் தேத்தண்ணி வாங்கப் போனா.

"ஆர்?"

"நான்தான் அண்ணை. கந்தோர்."

முகத்தை என் பக்கம் திருப்பினார். பிறகு கேட்டார்: "இடது கண் தப்பும் எண்டு டொக்டர் சொன்னவர். வலது கொஞ்சம் மங்கலாத்தான் இருக்குமாம். கழுவாமல் விட்டிருந்தால் ரெண்டும் போயிருக்குமாம். அதென்ன பிள்ளை, அந்தக் காஸ் தண்ணிக்கு மட்டும் அப்பிடி அடங்குது? எண்ணெய்க்கு அடங்காதே. எண்ணெயும் அதுவும் வருசக்கணக்கா ஒண்டாத்தானே ஓடுது."

அந்த மனிதர் என்னிடம் ஒரு விஷயம் கேட்டது அதுவே முதல் தடவை. கண் கட்டியிருந்ததால் தாளில் கீறிக் காட்ட முடியாது. அவருடைய வலது உள்ளங்கையைப் பிடித்து, விரலால் கீறினேன்.

"இது நைதரசன். அதுக்கு மூண்டு ஐதரசன், இப்பிடி, இப்பிடி, இப்பிடி. தலையில ஒரு சோடி எலெக்ட்ரன் சும்மா நிக்குது. ஒருத்தரோடயும் சேராமல்."

"ம்."

"இது தண்ணி. தண்ணியின்ர ஒட்சிசன் எல்லா எலெக்ட்ரனையும் தன்ர பக்கம் இழுத்து வைச்சிருக்கு. அதால அதின்ர ஐதரசன் வெறும் மேலோட நிக்குது. அது இந்தச் சோடியைக் கண்டால் போய் ஒட்டும். இப்பிடி."

அவருடைய உள்ளங்கையில் புள்ளி புள்ளியாகத் தொட்டேன்.

"எண்ணெயில அப்பிடி நிக்கிற ஐதரசன் இல்லை. அதால அது ஒட்டாது. எங்கட உடம்பில ஈரம் எங்க இருக்கு? கண்ணில, மூக்கில, தொண்டையில, வேர்வையில. அங்கதான் அது தேடிப் போகும். வேற தண்ணி நிறையக் குடுத்தால்தான் அதைக் கரைச்சுக் கழுவிக்கொண்டு போகலாம்."

அவர் கையை மூடினார். நான் ஏதோ நல்ல வார்த்தை வரும் என்று காத்திருந்தேன்.

"இதை நீ முதலே சொல்லியிருக்கலாம்" என்றார்.

"நான் சொன்னனான்!"

பக்கத்துக் கட்டிலில் படுத்திருந்தவர் திடுக்கிட்டு எழும்பினார். தாதி வந்து என்னை முறைத்தா. மெசின் அண்ணை, "நீ மஞ்சளைப் பற்றி எல்லோ சொன்னாய். தண்ணியைப் பற்றி ஒண்டும் சொல்லேல்லை" என்றார். அதற்கு மேல் என்னால் முடியவில்லை. வாங்கிப் போன தோடம்பழங்களை மேசையில் வைத்துவிட்டு வெளியே வந்து, ஆஸ்பத்திரி வாசலில் நின்று அழுதேன். எதற்கு என்று கேட்டால் சொல்லத் தெரியாது. அவர் கண் தப்பியதற்கும் சேர்த்துத்தான் இருக்கவேண்டும்.

விசாரணைக்கு ஒரு அதிகாரி வந்தார். எல்லோரிடமும் வாக்குமூலம் எடுத்தார். என் முறை வந்தபோது தகைமை என்ற கட்டத்துக்குப் பேனையைக் கொண்டுபோனார்.

"வேதியியல் பட்டம்" என்றேன்.

"அங்கீகாரக் கடிதம் இருக்கா?"

"இன்னும் வரேல்லை."

கட்டத்தில் 'இல்லை' என்று எழுதினார். அடுத்த கேள்வி: "அப்ப எந்தத் தகைமையில நீங்கள் தண்ணி அடிக்கச் சொன்னனீங்கள்?"

அவர் பேனையைப் பிடித்தபடி பதிலுக்காகக் காத்திருந்தார். கேலி இல்லை, உண்மையாகவே கேட்டார். நிரப்பவேண்டிய இடம் ஒன்று வெறுமையாக இருந்தது, அவ்வளவுதான்.

அத்தோடு முடியவில்லை. குழாயால் அடித்த தண்ணீரெல்லாம் அமோனியாவைச் சுமந்துகொண்டு கானுக்குள் போனது. கான் போய் விழும் சின்ன வாய்க்காலில் குஞ்சு மீன்கள் செத்து மிதந்தன. எனக்கு அது தெரியும். தெரிந்துதான் செய்தேன், வேறு வழி இருக்கவில்லை. ஆனால் மீனவர் கூட்டத்தில் ஒருவர் எழும்பி, "அவ்வளவு நஞ்சையும் வாய்க்காலுக்குள்ள விட்டது ஐஸ் பக்டரியில எழுதுற அந்தப் பிள்ளைதான்" என்று சொல்ல, நாலு பேர் ஓம் ஓம் என்றார்களாம். அன்று நனைந்த துவாயோடு குழாய் பிடித்தவர்களில் இருவர் அந்த நாலு பேருக்குள் இருந்தார்கள். தாழ்வுபாட்டு அக்காதான் வந்து சொன்னா. சொல்லிவிட்டு, "நீ மனசில வைக்காதை. அவங்கள் அப்பிடித்தான்" என்றா. நான் மனசில் வைத்தேன்.

பக்டரி இரண்டு மாதம் பூட்டிக் கிடந்து திறந்தது. முதலாளி பயந்தவர் என்று சொன்னேன் அல்லவா, இந்த முறை பயம் நல்ல பக்கம் வேலை செய்தது. பழைய வால்வுகள் எல்லாம் மாறின. கையை எடுத்தால் தானாகவே பூட்டிக்கொள்ளும் வால்வு எண்ணெய்க் குழாய்க்கு வந்தது. இரண்டு புது முகமூடிகள் வந்தன. மெசின் அறைக் கதவுக்கு வெளியே, கடல் பக்கத்தில், தலைக்கு மேலிருந்து தண்ணீர் கொட்டும் ஒரு பெரிய பைப் வைக்கவேண்டும் என்று நான் கேட்டேன். முதலில் அதை மெசின் அறைக்குள்ளேயே பொருத்தப் பார்த்தார்கள். காஸ் வரும்போது அங்கே யார் நிற்பது என்று கேட்டு, சண்டை பிடித்து, வெளியே கொண்டுவந்தேன்.

மெசின் அண்ணையும் வேலைக்குத் திரும்பினார். வலது கண்ணுக்குக் கறுத்தக் கண்ணாடி. எண்ணெய் வடிக்கும் வேலையை இப்போது தனியாகச் செய்வதில்லை. என்னை வெளியே நிற்கச் சொல்லிவிட்டுத்தான் தொடங்குவார். "நீ நிண்டால் போதும், ஒண்டும் கதைக்காதை" என்பார்.

அப்படி ஒரு நாள் அவர் உள்ளே போக ஆயத்தமாகும்போது நான் தண்ணீர் பைப்பைத் திறந்து பார்ப்போம் என்று போனேன். பைப்பின் கைப்பிடியில் ஒரு பெரிய பூட்டுத் தொங்கியது.

"இது ஆர் பூட்டினது?"

காவல்காரர் சொன்னார்: "முதலாளி. கரையில நிக்கிறவங்கள் வந்து குளிச்சுத் தண்ணியை முடிக்கிறாங்களாம்."

"பூட்டின்ர திறப்பு எங்க?"

"முதலாளியிட்ட."

"முதலாளி எங்க?"

"முருங்கனுக்கு நெல்லுப் பாக்கப் போயிட்டார். பின்னேரம்தான் வருவார்."

நான் பூட்டைப் பிடித்து இழுத்துப் பார்த்தேன். அது அசையவில்லை. மெசின் அண்ணை உள்ளே போகாமல் கதவடியில் நின்று, நல்ல கண்ணால் பூட்டையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு நடந்துபோய், ஐஸ் கட்டி உடைக்கும் இரும்பு அலவாங்கை எடுத்து வந்து என் கையில் தந்தார்.

"மேல அடிக்காதை" என்றார். "வளையத்தில அடி."

வளையத்தில் அடித்தேன். மூன்றாவது அடியில் பூட்டு மணலில் விழுந்தது.